எலும்புப் புற்றிலிருந்து செல் லைன்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

எலும்புப் புற்றுத் துண்டிலிருந்து புதிதாக ஒரு செல் லைன் (உடலுக்கு வெளியே ஃபிளாஸ்க்கில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே போகிற செல் வரிசை) எடுக்க முயல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்பகம், குடல் என்று மற்ற புற்றுகளுக்கு எழுதி வைத்த முறையை அப்படியே எலும்புக்கும் போட்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் இங்கே திசுவே கல்போல இருக்கும், நோயே அரிது, ஒரு துண்டு வீணானால் அடுத்த துண்டு எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே ஒவ்வொரு கோளாறையும் அது கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்தப் பெயரிலேயே தலைப்பிட்டிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. எந்த அறிகுறியாக இருந்தாலும் துருவிக்கொண்டே போனால் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: இந்தச் செல் யாருடையது, அந்தக் கட்டியிலிருந்துதான் வந்ததா? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் துண்டு வந்த அன்றே மூன்று பொருளை எடுத்து வைத்திருக்க வேண்டும். நோயாளியின் ரத்தம் கொஞ்சம், கட்டியின் ஒரு சிறு பகுதி நேராக உறைய வைத்தது, நோய்க்குறியியல் துறையில் மெழுகில் பதித்துப் பாரஃபின் பிளாக்காகச் செய்த ஒரு பகுதி. இவை இல்லாமல் ஆறு மாதம் கழித்து அருமையாக வளர்கிற ஒரு ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அது என்னவென்று நிரூபிக்க முடியாமல் நிற்பது மிகவும் வருத்தமான நிலை. ஒப்புதல் படிவத்திலும் இதை முன்கூட்டியே எழுத வேண்டும். ஆஸ்டியோசார்கோமா என்கிற எலும்புப் புற்று பெரும்பாலும் வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு வருகிற நோய் என்பதால் பெற்றோரின் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும், ரத்தத்துக்கும் சேர்த்து.

துண்டு வைத்து ஒரு வாரமாகியும் ஒரு செல்கூட வெளியே வரவில்லை

முதலில் கேட்க வேண்டியது, இது கீமோவுக்கு முன் எடுத்த பயாப்ஸியா, பின் எடுத்த அறுவைத் துண்டா? ஆஸ்டியோசார்கோமாவுக்கு வழக்கமான சிகிச்சை மெதோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் மூன்றையும் சில வாரங்கள் கொடுத்துவிட்டு அப்புறம் அறுவை செய்வது. மருந்து நன்றாக வேலை செய்திருந்தால் கட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் செத்துப்போயிருக்கும், அதைத்தான் மருத்துவர்கள் நல்ல பலன் என்று குறிப்பார்கள். நோயாளிக்கு நல்ல செய்தி, நமக்கு ஃபிளாஸ்க்கில் ஒன்றும் இருக்காது. அதனால் கூடுமானவரை முதல் பயாப்ஸியில் மீதமாகிற துளியைக் கேளுங்கள், நோயறிதலுக்கு வேண்டியதை அவர்கள் எடுத்த பிறகு மட்டும். நுரையீரலுக்குப் பரவியதை வெட்டியெடுக்கும்போது கிடைக்கிற துண்டும் பெரும்பாலும் நன்றாக வளரும்.

அடுத்து, துண்டின் எந்தப் பகுதியை எடுத்தீர்கள் என்பது. பிளேடை வைத்து அழுத்தும்போது நறநறவென்று மணல் உரசுகிற மாதிரி கைக்குத் தெரிந்தால் அது கால்சியம் படிந்த பகுதி, அங்கே உயிருள்ள செல் குறைவு. சதைப்பற்றாக, வெளிர் இளஞ்சிவப்பாக, பிளேடு தடையில்லாமல் இறங்குகிற ஓரத்தை எடுங்கள். மஞ்சளாகக் குழைந்து வருவது செத்த திசு, அதை ஒதுக்கிவிடுங்கள். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கினால் போதும்.

துண்டு ஒட்டவே இல்லையென்றால் மீடியா (செல்லை வளர்க்கும் ஊட்டத் திரவம்) அதிகம். முதல் நாள் துண்டின் அடிப்பகுதி நனைகிற அளவுக்கு மட்டும் விட்டு, ஒட்டிய பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். தினமும் ஃபிளாஸ்க்கை எடுத்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள், ஒவ்வொரு அசைவுக்கும் துண்டு பெயர்ந்துவிடும்.

திசுவைக் கரைக்கும் கொல்லாஜினேஸ் நொதி போட்டும் கரையவில்லையென்றால் நொதியைக் குறை சொல்வதற்கு முன் கழுவிய திரவத்தைப் பாருங்கள். கொல்லாஜினேஸ் வேலை செய்யக் கால்சியம் வேண்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்த திரவத்தில் கழுவிவிட்டு அது ஒட்டியிருக்கும்போதே கொல்லாஜினேஸ் ஊற்றினால் நொதி சும்மா கிடக்கும். கால்சியம் உள்ள மீடியாவிலேயே மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் கரைத்து, 37 டிகிரியில் மெதுவாக ஆட்டிக்கொண்டே வைத்து, அரை மணிக்கொரு முறை ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். எலும்புத் துகள் கரையாது, அது கரையும்வரை காத்திருந்தால் வெளியே வந்த செல்களும் சேர்ந்து செத்துவிடும். வந்த செல்களை ஒரு ஃபிளாஸ்க்கிலும் மீந்த துகள்களை இன்னொன்றிலும் போடுங்கள், சில சமயம் அந்தத் துகளிலிருந்து வருவதுதான் நிலைக்கும்.

கார்டோமா (முதுகெலும்பிலும் மண்டையின் அடியிலும் வரும் அரிய புற்று) என்றால் இந்தக் கணக்கே வேறு. முதலில் நிலைத்த கார்டோமா லைன்களில் ஒன்றான யூ-சிஹெச்1 இரட்டிப்பாகவே ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். ஜெலட்டினோ கொல்லாஜனோ பூசிய ஃபிளாஸ்க்கில் வைத்துவிட்டுப் பொறுமையாக இருப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

செல் வந்தது, ஆனால் எல்லாம் நீள நீளமாக ஒரே திசையில் கிடக்கிறது

ஃபைப்ரோபிளாஸ்ட். கட்டியோடு வந்த இணைப்புத் திசுவின் சாதாரணச் செல், பெரும்பாலும் அதுதான். மீன் கூட்டம் ஒரே பக்கம் திரும்பினாற்போல வரிசையாக, ஒல்லியாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஃபிளாஸ்க்கை நிரப்பிவிட்டு நின்றுவிடும். புற்றுச் செல்கள் தாறுமாறான அளவில், பெரிய நியூக்ளியஸோடு, நெருக்கடியானதும் மேலே மேலே ஏறிக் குவியும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன், அது முக்கியம். ஆஸ்டியோசார்கோமாவிலேயே ஃபைப்ரோபிளாஸ்டிக் என்று ஒரு வகை இருக்கிறது, எம்ஜி-63 என்கிற பழைய ஆஸ்டியோசார்கோமா லைனைப் பார்த்தால் முதல் பார்வைக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் என்றே தோன்றும். அதனால் உருவத்தை மட்டும் நம்பி ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், உருவத்தை மட்டும் நம்பிக் கொண்டாடவும் வேண்டாம்.

இரண்டும் கலந்திருந்தால் பிரிக்கலாம். ஒட்டிய செல்லைக் கழற்றும் டிரிப்சின் நொதியை மிகக் குறைந்த நேரம் விட்டால் பெரும்பாலும் ஃபைப்ரோபிளாஸ்ட்தான் முதலில் கழன்று வரும், அதை உறிஞ்சி எடுத்துவிட்டு மிச்சத்தை வளருங்கள். உங்கள் செல்லுக்கு இது தலைகீழாகவும் இருக்கலாம், ஆகவே கழன்றதையும் ஒருமுறை தனியாக வைத்துப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். நல்ல கொத்து ஒன்று தெரிந்தால் குளோனிங் வளையம் வைத்து அதை மட்டும் எடுப்பது இன்னும் நல்லது, ஆனால் அப்படிச் செய்தால் அது கட்டியின் ஒரு கிளை மட்டுமே என்பதை ஏட்டில் எழுதி வைக்க வேண்டும்.

முடிவான பதில் குரோமோசோமில்தான் இருக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்றால் 46, ஒழுங்காக. ஆஸ்டியோசார்கோமாவின் கேரியோடைப் (குரோமோசோம்களை வரிசையாக அடுக்கிய படம்) பார்த்தவுடனே தெரியும், எண்ணிக்கை செல்லுக்குச் செல் மாறும், பாதி குரோமோசோம்களுக்குப் பெயர் வைக்க முடியாது. இன்னொரு எலும்புப் புற்றான யூயிங் சார்கோமாவில் இவ்வளவு குழப்பம் இருக்காது, கிட்டத்தட்ட 46-லேயே இருக்கலாம், அங்கே தேட வேண்டியது 11-ஆம் குரோமோசோமுக்கும் 22-ஆம் குரோமோசோமுக்கும் இடையிலான இடமாற்றம். அப்புறம் அன்று உறைய வைத்த கட்டித் துண்டை எடுத்து அதிலும் லைனிலும் டிஎன்ஏ பகுதிகளின் காப்பி எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய ஏற்ற இறக்கங்கள் பொருந்த வேண்டும்.

எலும்பில் வரும் ராட்சத செல் கட்டியில் இது தலைகீழ். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பறிக்கிற அந்தப் பல நியூக்ளியஸ் செல்கள் சில பாசேஜில் (புது ஃபிளாஸ்க்குக்குப் பிரித்து மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ்) காணாமல் போகும், பதறாதீர்கள். கட்டியை உண்டாக்குவது அவற்றுக்கு நடுவே இருக்கிற சாதாரணத் தோற்றமுள்ள ஸ்ட்ரோமல் (தாங்கு திசு) செல்தான். ஹெச்3-3ஏ மரபணுவில் ஜி34 மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது.

நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது

செல்கள் பொரித்த முட்டைபோல அகலமாகப் பரந்து, நியூக்ளியஸைச் சுற்றித் துகள் துகளாகத் தெரிந்தால் மூப்படைகிறது. பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயம் போட்டால் நீலமாகும். ஃபைப்ரோபிளாஸ்ட் என்றால் அதன் கதை அங்கே முடிந்தது. புற்றுச் செல் என்றால் அது நெருக்கடிக் கட்டம், மீடியாவை மட்டும் மாற்றிக்கொண்டு வாரக்கணக்கில் விட்டு வையுங்கள், ஓரத்தில் எங்காவது ஒரு கொத்து கிளம்பலாம்.

இங்கே ஒன்று பலரையும் குழப்பும். டெலோமரேஸ் (குரோமோசோமின் நுனியான டெலோமியரை நீட்டிச் செல்லைச் சாகாமல் வைக்கும் நொதி) சோதனை செய்து எதிர்மறை வந்துவிட்டால் 'இது சாகாத லைன் இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எலும்புப் புற்றில் அது தவறான முடிவு. ஆஸ்டியோசார்கோமாவில் பெரும்பகுதி டெலோமரேஸ் இல்லாமல் ஏஎல்டி என்கிற மாற்று வழியில் டெலோமியரை நீட்டிக்கொள்ளும். பழைய ஆஸ்டியோசார்கோமா லைன்களான யூ-2 ஓஎஸ், சாவோஸ்-2 இரண்டுமே அப்படித்தான், இரண்டும் அரை நூற்றாண்டாக வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஏஎல்டியைக் காட்டும் சி-சர்க்கிள் சோதனை செய்யுங்கள், பல ஏஎல்டி செல்களில் தொலைந்திருக்கும் ஏடிஆர்எக்ஸ் புரதம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நின்றுபோவதற்கு முன்பே, கையில் மிஞ்சுகிற முதல் பாசேஜிலிருந்தே உறைய வைத்துக்கொண்டே போங்கள்.

மெதுவாக வளர்ந்தது திடீரென்று வேகமெடுத்துவிட்டது

இதைத்தான் எல்லோரும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் இதைக் கேட்டால் பயப்படுவேன். வாரம் ஒருமுறை பிரித்த செல்லை இரண்டு நாளுக்கொரு முறை பிரிக்க வேண்டியிருக்கிறதென்றால் வேறொரு லைன் உள்ளே புகுந்து உங்கள் செல்லைத் தின்றுவிட்டிருக்கலாம்.

1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்பவரின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த ஹீலா செல் எத்தனை ஃபிளாஸ்க்கில் புகுந்தது என்பது தெரிந்த கதைதான். 1966-லேயே மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் வெவ்வேறு பெயரில் இருந்த 18 லைன்களில் ஒரே நொதி வகையைக் காட்டி அவை ஹீலாவாகத்தான் இருக்க வேண்டும் என்றார், யாருக்கும் கேட்கப் பிடிக்கவில்லை. 1970-களில் செல் ஆய்வாளர் வால்டர் நெல்சன்-ரீஸ் பெயர் சொல்லிப் பட்டியலே வெளியிட்டார். இன்று தவறான அடையாளம் கொண்ட லைன்களின் சர்வதேசப் பட்டியலில் 500-க்கு மேல் இருக்கின்றன.

ஆகவே எஸ்டிஆர், அதாவது ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ இடங்களை அளக்கும், கைரேகை போன்ற சோதனை. ரத்தம், கட்டித் துண்டு, செல் லைன் மூன்றுக்கும் ஒரே ஓட்டத்தில் செய்யுங்கள். உலகின் செல் லைன்களைப் பட்டியலிடும் செல்லோசாரஸ் தளத்தில் இருக்கிற கிளாஸ்டர் தேடலில் உங்கள் எண்களைப் போட்டு உலகில் வேறெந்த லைனோடும் பொருந்தவில்லை என்றும் பாருங்கள். புதிய லைன் என்றால் இந்த இரண்டாவது தேடல்தான் முக்கியம், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எலியில் வளர்த்து எடுத்த லைன் என்றால் எலி ஃபைப்ரோபிளாஸ்ட் கலந்திருக்கிறதா என்று தனியாக ஒரு பிசிஆர் வேண்டும், வழக்கமான மனித எஸ்டிஆர் கிட் எலியைக் காட்டாது.

ஒப்பிடுவதற்காக வாங்கும் பழைய லைன்களிலும் கவனம் வேண்டும். ஹெச்ஓஎஸ், 143பி, எம்என்என்ஜி-ஹெச்ஓஎஸ், கேஹெச்ஓஎஸ் என்று நான்கு பெயரில் வருபவை எல்லாம் ஒரே 13 வயதுச் சிறுமியின் கட்டியிலிருந்து கிளைத்தவை. நான்கையும் வைத்து 'நான்கு நோயாளிகளில் பார்த்தோம்' என்று எழுதினால் அது பொய்.

எஸ்டிஆர் பொருந்துகிறது, ஆனால் முழுதாக இல்லை

80 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எலும்புப் புற்றில் குரோமோசோம் துண்டுகள் நிறையத் தொலைந்துபோவதால் ரத்தத்தில் இரண்டு அல்லீல் (ஒரே டிஎன்ஏ இடத்தின் மாற்று வடிவம்) இருந்த இடத்தில் லைனில் ஒன்று மட்டும் இருப்பது சகஜம். பையனிடமிருந்து எடுத்த லைனில் ஒய் காணாமல் போவதும் சகஜம். தொலைவது பிரச்சினையில்லை, ரத்தத்தில் இல்லாத புது அல்லீல் பல இடங்களில் தெரிந்தால்தான் பிரச்சினை. ஓரிடத்தில் மூன்று உச்சி (மூன்று அல்லீல்) இருந்தால் அந்தக் குரோமோசோமின் கோளாறாக இருக்கலாம், நான்கைந்து இடத்தில் இருந்தால் இரண்டு ஆட்களின் செல் கலந்திருக்கிறது.

பாரஃபின் பிளாக்கிலிருந்து டிஎன்ஏவே வரவில்லையா? எலும்பை மென்மையாக்க வலுவான அமிலத்தில் போட்டிருப்பார்கள், அதில் டிஎன்ஏ சிதைந்துவிடும். அமிலத்தில் போடாத மென்பகுதி பிளாக்கைக் கேளுங்கள், அல்லது இடிடிஏவில் கால்சியம் நீக்கச் சொல்லி முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மீடியா தெளிவாக இருக்கிறது, செல் சோம்பலாக இருக்கிறது, முடிவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது

மைகோபிளாஸ்மா. இது மிகச் சிறிய பாக்டீரியா, மீடியா கலங்காது, நாறாது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, 0.22 மைக்ரான் ஃபில்டரையும் தாண்டிப் போகும். செல் சுவரே இல்லாததால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. ஆன்டிபயாட்டிக் போட்டே வளர்ப்பதுதான் இது மறைந்திருக்க வசதி செய்து கொடுக்கிறது. முதல் சில வாரம் தவிர்க்க முடியாது, சரி, அதற்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் இல்லாமல் சில நாள் மீடியா மாற்றாமல் வைத்திருந்து, பிசிஆரும் டிஎன்ஏவை ஒளிரவைக்கும் ஹெக்ஸ்ட் சாயமும் இரண்டும் செய்யுங்கள். சாயத்தில் நியூக்ளியஸுக்கு வெளியே பொடிப் பொடியாக ஒளிர்ந்தால் இருக்கிறது. பழைய லைன் என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்வேன். ஒரே ஒரு நோயாளியின் லைன் என்றால் தனி இன்குபேட்டரில் வைத்து மருந்து கொடுத்துக் காப்பாற்றப் பாருங்கள், முடிந்ததும் எஸ்டிஆரை மறுபடி செய்யுங்கள்.

யூயிங் என்று சொன்னார்கள், சிடி99 வருகிறது, இணைவு மரபணு வரவில்லை

சிடி99 என்கிற செல் மேற்பரப்புப் புரதம் யூயிங்குக்கு மட்டும் உரியதல்ல, லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமாவிலும் வரும். உங்கள் பிசிஆர் அந்த 11-22 இடமாற்றத்தில் பிறக்கும் இடபிள்யூஎஸ்ஆர்1-எஃப்எல்ஐ1 இணைவுக்கு மட்டும் என்றால் ஏறக்குறைய 10 சதவீத நோயாளிகளில் இடபிள்யூஎஸ்ஆர்1-இன் கூட்டாளி ஈஆர்ஜி மரபணு, அது இதில் தெரியாது. உடைவுப் புள்ளியும் ஆளுக்கு ஆள் மாறும், பிரைமர் தவறலாம். இரண்டும் இல்லையென்றால் சிஐசி, பிகோர் இணைவுகளைப் பாருங்கள். 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அவற்றைத் தனி நோயாகவே பிரித்துவிட்டது.

பெயர்ப் பலகை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஏ673 நல்ல உதாரணம். பல காலம் ராப்டோமயோசார்கோமா (தசைப் புற்று) என்று விற்கப்பட்ட லைன் அது, உள்ளே இருப்பது யூயிங்கின் இணைவு. நியூரோபிளாஸ்டோமா (நரம்புச் செல் புற்று) என்று பெயர் எழுதியிருந்த எஸ்கே-என்-எம்சியும் அப்படியே.

பி53 பட்டை வரவில்லை

பி53 என்கிற புற்றுத் தடுப்புப் புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் தேடும்போது ஒப்பீட்டுக்கு சாவோஸ்-2 ஓட்டினீர்களென்றால் அதில் வரக்கூடாது, அதன் மரபணுவே அங்கே இல்லை. யூ-2 ஓஎஸ்ஸில் வர வேண்டும், அதில் மாறாத பி53 இருக்கிறது. உங்கள் புது லைனில் பட்டையும் இல்லை, எக்ஸான்களை (மரபணுவில் புரதத்துக்கான பகுதிகளை) வரிசைப்படுத்தினால் பிழையும் இல்லை என்றால் எக்ஸான்களுக்கு இடையில் இருக்கிற முதல் இன்ட்ரானைப் பாருங்கள். ஆஸ்டியோசார்கோமாவில் பி53-இன் மரபணுவான டிபி53 அந்த இடத்தில் உடைந்து திரும்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது, எம்ஜி-63-லும் அப்படித்தான். எக்ஸான் வரிசை மட்டும் பார்த்துவிட்டு 'டிபி53 இயல்பு' என்று எழுதப்பட்ட லைன்களை நான் நம்புவதில்லை.

அலிசரின் சிவப்பு ஏறவே இல்லை, அல்லது எல்லா இடத்திலும் ஏறிவிட்டது

அலிசரின் என்பது படிந்த கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் சாயம், ஏறவில்லையென்றால் அது லைனின் குணமாகவும் இருக்கலாம். சாவோஸ்-2 நன்றாகக் கால்சியம் படியவைக்கும், யூ-2 ஓஎஸ் பெரும்பாலும் செய்யாது. எலும்புச் செல்லின் அடையாளங்களான ஆல்கலைன் பாஸ்படேஸையும் ரன்க்ஸ்2, ஆஸ்டியோகால்சினையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் சிவந்தால் மீடியாவில் பாஸ்பேட்டுக்காகச் சேர்த்த பீட்டா-கிளிசரோபாஸ்பேட் அதிகம், 10 மில்லிமோலாருக்கு மேல் போனால் செல் எதுவும் செய்யாமலே உப்பு தானாகப் படியும். செல் இல்லாத ஒரு குழியிலும், செத்த செல் உள்ள ஒரு குழியிலும் அதே திரவத்தை விட்டுப் பாருங்கள், அங்கேயும் சிவந்தால் உங்கள் படத்துக்கு அர்த்தமில்லை.

எலியில் கட்டி வரவில்லை

வராததால் அது புற்றில்லை என்று ஆகிவிடாது. யூ-2 ஓஎஸ், சாவோஸ்-2, எம்ஜி-63 மூன்றுமே நோயெதிர்ப்பு குறைந்த நியூட் எலியில் லேசில் வளராதவை. நுரையீரலுக்குப் பரவும் மாதிரி வேண்டும் என்று எல்லோரும் 143பி-க்குப் போகிறார்கள், ஆனால் அது வைரஸ் வழியாக கேராஸ் என்கிற புற்று மரபணுவைப் புகுத்தி மாற்றிய லைன், மனித நோயில் அப்படி நடப்பதில்லை. உங்கள் லைனை நோயெதிர்ப்பு இன்னும் குறைந்த என்எஸ்ஜி எலியில், தோலுக்கடியில் வைக்காமல் முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பின் உள்ளே வைத்துப் பாருங்கள். வந்தால் அதை வெட்டி எடுத்து, கட்டியின் ஸ்லைடோடு பக்கத்தில் வைத்து ஒரு எலும்பு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் முடிந்தது, வெளியே கொடுக்கும்போது என்ன எழுதுவது

வயது, பால், எந்த எலும்பு, கீமோவுக்கு முன்னா பின்னா, எந்த பாசேஜில் எந்தச் சோதனை, இரட்டிப்பு நேரம், ரத்தத்தோடு ஒப்பிட்ட எஸ்டிஆர், மைகோபிளாஸ்மா தேதி. இவை இல்லாத லைனை யாரும் வாங்கக்கூடாது. செல்லோசாரஸில் பதிந்து அடையாள எண் பெறுங்கள், ஒரு தேசிய சேமிப்பகத்திலும் வையுங்கள், ஒரே நைட்ரஜன் தொட்டியை நம்பாதீர்கள்.

பெயர் வைக்கும்போது நோயாளியின் முதலெழுத்தையோ மருத்துவமனை எண்ணையோ போடாதீர்கள். ஹென்ரியெட்டா லாக்ஸின் பெயரிலிருந்து எழுத்தை எடுத்து ஹீலா என்று வைத்ததால் அவர் குடும்பம் உலகத்துக்குத் தெரிந்தது, 2013-இல் அந்தச் செல்லின் முழு மரபணு வரிசை குடும்பத்தைக் கேட்காமலே வெளியானது. நோயாளியின் ரத்தத்தில் எடுத்த எஸ்டிஆர் எண்களும் ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடியவைதான், அதனால் செல் லைனின் எண்களை வெளியிடலாம் என்பதை ஒப்புதல் வாங்கும்போதே அந்தப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள், ரத்தத்தின் எண்களை உங்கள் ஏட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.